பொட்டுக்குப் போட்ட பூட்டு

எங்கள் தொடர்மாடிக்கு நான் தலைவியானது, யாரும் என்னை விரும்பித் தெரிவுசெய்ததால் அல்ல. கூட்டங்களில் ஆகக் கூடுதலாகக் குறை சொல்கிறவள் நான்தான். படியில் விளக்கு எரியவில்லை, மேல்வீட்டு உடுப்பிலிருந்து தண்ணீர் என் தலையில் சொட்டுகிறது, தண்ணீர்த் தாங்கிக்குள் அணில் விழுந்துவிட்டது என்று நான் எழும்பி நிற்காத கூட்டம் இல்லை. அதனால், பழைய தலைவர் தான் அவுஸ்திரேலியாவுக்கு மகளிடம் போகப்போவதாகச் சொல்லிவிட்டு, இனி ஆர் பொறுப்பெடுக்கிறது என்று கேட்டதும், எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த இவரும் பார்த்தார். கட்டின மனுசனே காட்டிக்கொடுத்தால் பிறகு யாரிடம் போய் நியாயம் கேட்பது? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தொடர்மாடி என்றதும் கொழும்பில் நிற்கும் பெரிய கட்டடங்களை நினைக்கவேண்டாம். எங்களுடையது மூன்று தட்டு, ஆறு வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து கடலுக்கு நடுவால் வரும் பாதை அல்லைப்பிட்டியைத் தாண்டி மண்கும்பான் பக்கமாகப் போகும் வழியில், பனைகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. சுவிசில் உழைத்த ஒருவர் தன் காணியில் கட்டி, ஒரு வீட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றார். ஊர் அதைச் சுவிஸ் மாடி என்கிறது. சாட்டிக்குக் கடல் குளிக்கப் போகிறவர்கள் சிலவேளை வாகனத்தை நிற்பாட்டி, இது ஹோட்டலோ என்று கேட்பார்கள். "ஓம், ஆனால் சாப்பாடு முடிஞ்சுது" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

வருடம் முழுக்கக் குடியிருப்பது மூன்று குடும்பம். அவுஸ்திரேலியாவுக்குப் போகும்வரை கீழே பழைய தலைவர், நடுவில் நாங்கள், மேலே புருசனும் பெண்சாதியும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஒரு சோடி. மற்ற வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து பிள்ளைகளின் விடுமுறைக்கு வருவார்கள். பொதுக்கூட்டமும் அப்போதுதான். மிச்ச மாதங்களில் அவர்கள் எங்கள் வட்ஸ்அப் குழுவில் குடியிருப்பார்கள்.

பழைய தலைவர் பொறுப்புக் கொடுத்த விதத்தைச் சொல்லவேண்டும். மனுசன் வங்கியில் முகாமையாளராக இருந்தவர். ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கட்டடத்துத் திறப்புகள் எல்லாவற்றையும் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எந்தப் பூட்டுக்கு எது என்று என்னைக் கொண்டு திருப்பிச் சொல்லவைத்தார். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, இந்த மோட்டரைக் கனநேரம் விடக்கூடாது. நல்ல தண்ணி மேலால மிதக்குது, கீழ உப்பு. பேராசைப்பட்டு இழுத்தால் கிணறு உவராப் போயிடும். பேந்து ஆராலும் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்.

திரும்பி வரும்போது சட்டதிட்டத்தையும் சொன்னார். கட்டடத்தில் ஏதாவது புதிதாகச் செய்வதென்றால் கூட்டம் வைக்கவேண்டும்; பராமரிப்பு வேலைக்குத் தலைவரின் வாய்ச்சொல் போதும். இதை அவர் இரண்டு தரம் சொன்னார். நான் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிணற்றடியை விட்டு வர எனக்கு மனமில்லாமல் இருந்தது, ஏனென்றால் அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள்.

நான் பிறந்தது இந்த வேலணைத் தீவில் என்றாலும், வளர்ந்தது காலியில், அப்பாவின் கடைக்கு மேலே இருந்த வீட்டில். கலியாணம் கட்டி வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டுக்குப் போனேன். வேலை, பிள்ளைகள், ஓய்வு எல்லாம் அங்கேதான். இவர் அப்படியில்லை. வேலணை மண்ணிலேயே ஓடித்திரிந்து வளர்ந்து, உத்தியோகத்துக்காகக் கொழும்புக்கு வந்தவர். ஓய்வெடுத்த பிறகு ஊருக்குப் போவம் ஊருக்குப் போவம் என்று அவர் நச்சரித்ததில்தான் இந்த வீட்டை வாங்கினோம். அவருக்கு வந்த அன்றே சந்திக்குச் சந்தி ஆள் இருந்தது. எனக்கு ஒருவரும் இல்லை. என்னைக் கண்டால் எல்லாரும் சிரித்தார்கள், சுகம் கேட்டார்கள், போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை.

அவள் நின்றாள். பின்காணிக்காரி. என்னைவிடப் பத்து வயது குறைவு. ஆகையால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன், நேரில் நீர் என்றுதான் கதைப்பேன். புருசன் தோட்டம் செய்கிறார். இவள் ஒரு மாடு, இரண்டு ஆடு, வயதுக்கு வந்த மகள் என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் அதட்டி மேய்ப்பவள். அவர்களுடைய கிணறு உவர். ஒரு பனை நீளம் தள்ளியிருக்கும் எங்கள் கிணறு நல்ல தண்ணீர். இந்தத் தீவு மண்ணின் விளையாட்டு அது. மாடி கட்டுவதற்கு முன்னும் அவளும் அவளுடைய மாமியும் இந்தக் கிணற்றில்தான் குடிதண்ணீர் அள்ளியிருக்கிறார்கள். அதற்கு வழி, வேலியில் இருந்த பொட்டு.

பொட்டு என்று இங்கே சொல்வது, இரண்டு வளவுகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழைந்து போகிற அளவுக்கு வேலியில் விட்டிருக்கும் இடைவெளியை. வேலியைப் பிடுங்கி மதில் கட்டியபோது, சுவிஸ்காரர் மேசனிடம் சொல்லி அதே இடத்தில் மதிலிலும் ஓர் ஆள் அகலத்துக்கு வெளி விடச்செய்தார். கதவும் இல்லை, ஒன்றும் இல்லை. விடிந்ததும் அவள் அதற்குள்ளால் குடத்தோடும் பிளாஸ்டிக் கானோடும் வருவாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு படியிறங்கிப் போவேன்.

எங்களிடம் மோட்டர் இருந்தாலும் அவள் வாளியால்தான் அள்ளுவாள். அள்ளி முடிந்த பிறகும் கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டு கதைப்போம். என் தமிழில் சிங்களச் சாயல் அடிக்கிறது என்பாள். நான் வீட்டுக்குள்ளே செருப்புப் போடுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் கொழும்பால வரேல்லை, கொழும்பையே பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டந்திட்டியள்" என்றாள். என் வத்தகக் கொடி காய்க்காததற்குக் காரணம் என் வாய்தான், அதற்குப் பயந்துதான் காய் வெளியே வரவில்லை என்றாள். போகும்போது கட்டின்மேல் ஒரு பிடி முருங்கையிலையோ ஒரு போத்தல் பாலோ இருக்கும். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியோடு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்கட வீட்டுக்கு வாறதும் கோபுரம் ஏறுறதும் ஒண்டுதான், அர்ச்சனைத் தட்டுத்தான் குறை" என்று சொல்லிவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரைக்கும் போகவில்லை. அறுபது வயதில் ஒரு புதுச் சிநேகிதி கிடைப்பதென்பது லேசுப்பட்ட காரியமில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

மகளுக்குக் கலியாணம் பேசியதைத் தன் தமக்கைக்குச் சொல்வதற்கு முன்பே அவள் என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கச்சேரியில் அரசாங்க வேலை, நல்ல குடும்பம், சாதகமும் பொருத்தம் என்று ஒரு வாளித் தண்ணீரைக் கையில் பிடித்தபடியே சொன்னாள்.

"பலகாரச் சூட்டுக்கு நீங்கள்தான் முன்னுக்கு நிக்கவேணும் அக்கா" என்றாள்.

கலியாணத்துக்குச் சில நாள் முன்னம் பெண்கள் கூடி, அடுப்பு மூட்டி, வீட்டிலேயே பலகாரம் சுடுவார்கள். அதுதான் பலகாரச் சூடு. "எப்ப எண்டு சொல்லி ஆள் அனுப்பும்" என்றேன். அவள் சிரித்தாள். "அதுக்கு ஆரும் ஆள் அனுப்புறேல்லை. எங்கட ஆக்கள் எண்டால் மணத்துக்கே வருவினம்."

நான் பொறுப்பெடுத்த அதே வாரம் அவளுடைய ஆடு மாடி ஏறிவிட்டது. பொட்டுக்குள்ளால் வந்து, படியேறி, மேல்தட்டில் சுவிஸ்காரரின் மனைவி ஆசையாக வைத்திருந்த குரோட்டன் சாடியை மொட்டையடித்துவிட்டு, அவவின் கால்மிதியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அந்தப் பெண் காலையில் கதவைத் திறந்தால், ஆடு தலையைத் தூக்கி, என்ன வேண்டும் என்கிற மாதிரிப் பார்த்திருக்கிறது. படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார். நான் அதைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தேன். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே கூட்டம். பாதுகாப்பு என்ற சொல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்றைக்கு ஆடு, நாளைக்குக் கள்ளன் என்றார் ஒருவர். கடைசியில், மதில் வெளிக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டுவது என்று ஒரே மனதாக முடிவு. ஆனால் அந்தப் பின்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு திறப்புக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். வெள்ளவத்தையில் எங்கள் தட்டில் இருந்த எல்லா வீட்டுத் திறப்பும் என் குசினியில்தான் தொங்கும். ஒருவர் கையில் திறப்பைக் கொடுத்தால் அதற்கு மேல் நம்பிக்கை இல்லை என்று வளர்ந்தவள் நான். இவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தலைவியாகி முதல் வேலையல்லவா, சிறப்பாகச் செய்தேன். வேலணையில் இருந்து வெல்டிங் தம்பியைக் கூப்பிட்டு, அளவு எடுப்பித்து, பச்சைப் பெயின்ற் அடிப்பித்து, கதவைப் பொருத்துவித்தேன். விடியக்காலை கிணற்றடியில் அவள் வந்ததும், சிவப்பு நூல் கட்டிய திறப்பை அவளுடைய கையில் வைத்து, "இது உமக்கு. கேட்டுக்கேள்வி இல்லை, எப்ப வேணுமெண்டாலும் திறந்து வாரும்" என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். திறப்பைப் பார்த்தாள்.

"வடிவான கதவு அக்கா" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் வரவில்லை. கலியாண அலுவலாக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் வரவில்லை. என் தேத்தண்ணி கிணற்றுக் கட்டில் ஆறிப்போனது. பிறகு ஒருநாள் மாடி விறாந்தையில் இருந்து பார்க்கிறேன், அவள் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டி, றோட்டோரமாகத் தண்ணீர்ப் பவுசர் வந்து நிரப்பும் தாங்கியில் இருந்து தண்ணீர் உருட்டிக்கொண்டு போகிறாள். எங்கள் படலைக்கு முன்னால் போனாள். மேலே பார்க்கவில்லை.

போன் எடுத்தேன். "என்னப்பா, தண்ணிக்கு வரேல்லையே?"

"ஓம் அக்கா, கொஞ்சம் வேலை கூட. நீங்கள் சுகமா இருக்கிறியளோ? அண்ணையும் சுகமோ?"

பழகிய நாளில் இருந்து அவள் எனக்கு மரியாதை காட்டியதே கிடையாது. என் சீலையைப் பழித்தாள், சமையலைப் பழித்தாள், இவரைப் பார்த்து இரக்கப்பட்டாள். அந்த வாயில் இருந்து சுகம் விசாரிப்பு வருகிறதென்றால் எங்கேயோ பிழைத்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வந்தாள். பின்னால் அல்ல, முன் படலையால். புருசனும் அவளும், கலியாணத்துக்குச் சொல்ல. அவள் நல்ல சீலை உடுத்து, கையில் வெற்றிலைத் தட்டமும் அழைப்பிதழுமாக, கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றாள். வாரும் என்ற பிறகுதான் உள்ளே வந்தாள். இரும் என்ற பிறகுதான் கதிரையின் நுனியில் இருந்தாள். சோடாவில் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தாள். "அண்ணையும் நீங்களும் கட்டாயம் வந்து பிள்ளையளை ஆசீர்வதிக்கவேணும்" என்று, வேறு வீடுகளில் சொல்லிவந்த அதே வசனத்தை எனக்கும் சொன்னாள். எழும்பிப் போகும்போது, தட்டத்தின் ஓரத்தில் இருந்த சிவப்பு நூல் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்கடையெல்லோ அக்கா. துலைஞ்சு போனால் பேந்து பிரச்சினை."

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியது. பிறகு இவரிடம் போனேன். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்தனான்?"

பேப்பரை மடித்தார். "பொட்டை அடைச்சிட்டீர்" என்றார்.

"அடைச்சனானோ? கதவு போட்டுத் திறப்பும் குடுத்தனான்."

"ஊரில ரெண்டு வீட்டுக்காரருக்கு மனஸ்தாபம் வந்தால் முதல் செய்யிறது பொட்டை அடைக்கிறதுதான். ஒரு கதை பேச்சு வேண்டாம். விடிய ஓலைக் கிடுகு வைச்சுக் கட்டியிருந்தால் அதோட சரி, கோவம் எண்டு விளங்கியிடும். நீர் இரும்பாலயெல்லோ அடைச்சிருக்கிறீர்."

"திறப்பு?"

"அது அடைச்சதை விட மோசம். ஊர்ச்சனம் கேட்டுக்கொண்டு வாறதுக்கு முன் கேற் இருக்கு. பொட்டு எண்டால் கேளாமல் வாறது. திறப்புக் குடுத்தால், நான் விட்டால்தான் நீ வரலாம் எண்டு சொன்ன மாதிரி."

"இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே. நீர்தானே தலைவி."

அன்று மத்தியானம் தலைவியின் புருசனுக்குச் சோறும் பருப்பும் மட்டும்தான் கிடைத்தது. அவரை மட்டும் சொல்லி என்ன. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சின்ன வயதில் பொட்டுகளுக்குள்ளால் ஓடி விளையாடியவர்கள்தான். பழைய தலைவர் உட்பட. இத்தனை காலம் கேற்றும் கமராவும் பார்த்ததில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. எனக்கோ மறப்பதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை.

குழுவில் எழுதினேன், கதவைக் கழற்றவேண்டும் என்று. காரணத்தையும் விளக்கமாக எழுதினேன். லண்டனில் இருந்து, கூட்டத்தில் எடுத்த முடிவை அடுத்த கூட்டத்தில்தான் மாற்றலாம் என்று பதில் வந்தது. கனடாவில் இருந்து ஒரு கும்பிடு வந்தது. அது ஆமோ இல்லையோ தெரியவில்லை. சுவிசில் இருந்து, மொட்டையான குரோட்டனின் படம் திரும்பவும் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு குரல்பதிவு அனுப்பினேன். அதை இங்கே எழுத ஏலாது. மேல்வீட்டு ரீச்சர் மட்டும் படியில் என்னைக் கண்டு, "நல்லாச் சொன்னீங்கள் அன்ரி" என்று மெல்லமாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் சுவிஸ்காரர், அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஆறுதலாகப் பார்ப்போம் என்று முடித்துவைத்தார்.

அடுத்த விடுமுறை எங்கே, கலியாணம் எங்கே. கலியாணத்துக்குள் அந்தக் கதவைக் கழற்றாவிட்டால், நான் முன் படலையால் போய், பரிசைக் கொடுத்து, பந்தலில் கதிரையில் இருந்து, சாப்பிட்டுவிட்டு வருவேன். அதன் பிறகு என்றைக்கும் கதிரைதான். இந்தத் தீவில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு ஆளை நான் இழந்துவிடுவேன். அதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒரு காலை, எண்ணெய் காயும் மணம் விறாந்தைவரை வந்தது.

எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம், கிடுகுக் கொட்டிலுக்குள் அடுப்பு எரிந்தது. பெண்கள் சுற்றியிருந்து மா குழைத்தார்கள். அவள் எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் எங்கள் மொட்டைமாடிவரை கேட்டிருக்கும். பலகாரச் சூடு. நான் முன்னுக்கு நிற்கவேண்டிய பலகாரச் சூடு. எனக்கு அழுகை வந்தது. கதிரையில் இருந்து அழுதேன்.

இவர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன?"

"என்னைக் கூப்பிடேல்லை."

"பலகாரச் சூட்டுக்கு ஆர் கூப்பிடுறது? கூப்பிடும் மட்டும் இருந்தீரெண்டால் நீர் பிறத்திதான்."

முகத்தைத் துடைத்தேன். கீழே இறங்கி றோட்டுப் பக்கம் நடந்தேன். இவர் மேலே இருந்து கூப்பிட்டுச் சொன்னார், "கேற்றால போகாதையும்."

நான் திரும்பிக் கிணற்றடிக்கு வந்தேன். அந்தப் பச்சைக் கதவு பூட்டோடு நின்றது. திறப்பு என்னிடம்தான் இருந்தது. ஆனால் பூட்டைத் திறந்துகொண்டு போனால் என்ன பிரயோசனம்? நான் நினைத்தபோது திறந்து, நினைத்தபோது பூட்டுகிற கதவுதானே அவளைத் துரத்தியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் கதவைத் தாங்கும் பிணைச்சலில் ஒரு மண்ணிறத் தடம் கண்ணில் பட்டது. கடல் காற்று, போட்டு ஒரு மாதம் முடிய முன்னமே இரும்பைத் தின்னத் தொடங்கிவிட்டது. பழைய தலைவர் இரண்டு தரம் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. பராமரிப்பு வேலைக்குத் தலைவரின் வாய்ச்சொல் போதும்.

வெல்டிங் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, உந்தக் கதவு துருப்பிடிச்சுப் போச்சு. கழட்டிக்கொண்டு போய்ச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கவேணும். உடன வாரும்."

"இப்பத்தானே அக்கா போட்டது?"

"வாருமப்பா."

ஓட்டோவில் வந்தார். பிணைச்சலைப் பார்த்தார், அதில் இருந்த தேத்தண்ணிக்கறை அளவு துருவைப் பார்த்தார், பிறகு மதிலுக்கு மேலால் எழும்பிய அடுப்புப் புகையைப் பார்த்தார். அவரும் இந்த ஊர்ப் பிள்ளைதான். "பெரிய துருத்தான் அக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு சிரிப்பும் இல்லாமல் கதவைக் கழற்றத் தொடங்கினார். இவர் இறங்கிவந்து ஒரு பக்கம் பிடித்தார்.

"அவசரமில்லை தம்பி, ஆறுதலாச் செய்யும்" என்றேன். தம்பி மிகவும் ஆறுதலாகத்தான் செய்கிறார். இதை எழுதும் இன்றைவரை கதவு வந்து சேரவில்லை. குழுவில் யாராவது கேட்டால், பெயின்ற் இன்னும் காயவில்லை என்று எழுதுகிறேன். அவர்களும் ஊர்க்காற்றின் ஈரத்தை மறந்துபோய், ஓமாக்கும் என்று இருக்கிறார்கள். ஆடு இப்போது கயிற்றில் நிற்கிறது. என்னைக் கண்டால் கத்தும்.

கதவு ஓட்டோவில் ஏறிப் போனதும், நான் வாளியால் தண்ணீர் அள்ளி, எங்கள் வீட்டில் சும்மா கிடந்த வெண்கலக் குடத்தை நிரப்பினேன். மோட்டரைத் தொடவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். காலிக் கடைக்கு மேலே வளர்ந்த எனக்குக் குடம் தூக்கத் தெரியாது. பாதித் தண்ணீர் சீலையில் ஊற்றியது. மற்றப் பாதியோடு பொட்டுக்குள்ளால் நுழைந்தேன்.

கொட்டிலுக்குள் கதை நின்றது. பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். முதலில் நனைந்த சீலையை, பிறகு குடத்தை, பிறகு எனக்குப் பின்னால், கதவு இருந்த இடத்தை. அங்கே இப்போது வெறும் வெளியும் எங்கள் கிணற்றுக் கட்டும்தான் தெரிந்தன. அவளுடைய முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தாச்சிக்குள் அரியதரம் பொரிந்துகொண்டிருந்தது.

வயதான ஒரு பெண், யாரோ மாமிமுறையாக இருக்கவேண்டும், "மாடியில இருந்து அக்கா வந்திருக்கிறா, ஒரு கதிரை எடுத்துப் போடு பிள்ளை" என்றார்.

கலியாணப் பெண் எழும்பி உள்ளே போகத் திரும்பினாள். எனக்குக் குடம் கனத்தது. கதிரை வந்தால் நான் விருந்தாள். இருந்து, தேத்தண்ணி குடித்து, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

"கதிரை ஒண்டும் வேண்டாம், நீ இரு" என்றாள் அவள் மகளிடம். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"குடத்தை உதில வையுங்கோ. கொண்டந்ததில பாதி நிலத்துக்கு, பாதி சீலைக்கு. இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீங்கள்? விடியத் தொடக்கம் மணக்கேல்லையோ உங்களுக்கு? தேங்காய் அவ்வளவும் அப்பிடியே கிடக்கு."

அவளுடைய இரண்டு கையும் மாவாக இருந்தது. மூலையில் கிடந்த தேங்காய்த் திருவலையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். அந்தக் காலில் ஒரு சொட்டு மரியாதை இல்லை.

நனைந்த சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு, திருவலையில் குந்தி, முதல் தேங்காய்ப் பாதியைக் கையில் எடுத்தேன்.